கோடிட்ட இடத்தில் குடியிருக்கும் குட்டிச் சொற்கள்



காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. டென்ஸ், வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாவற்றுக்கும் விதி இருக்கு. விதியைப் பிடிச்சா விடை தானா வந்துடும். ஆனா கோடிட்ட இடத்தில் பிரிப்பொசிஷன் எழுதச் சொன்னா, நல்லாப் படிக்கிற பிள்ளைங்ககூட 'இங்கி பிங்கி பாங்கி' போட்டுத்தான் விடை எழுதுறாங்க. கேட்டா, "அதுக்கெல்லாம் விதியே கிடையாதுப்பா, தெரிஞ்சா எழுதணும், தெரியலன்னா குத்துமதிப்பா போடணும்" என்று பதில் வருது. இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன அறிவிப்பு. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். காரணத்தோடுதான். இங்கே நின்னபடியே வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. பிரிப்பொசிஷன் கண்ணால் படிச்சு வர்றதைவிடக் காதால் கேட்டு வர்றதுதான் அதிகம். (பக்கத்து வகுப்பில் பாடம் நடந்தா மட்டும் மெதுவா!)

ஒரு மார்க்தானே?

பள்ளித் தேர்வில் இது ஒரு மார்க், இரண்டு மார்க் விஷயம்தான். ஆனா பள்ளியை விட்டு வெளியே போனதும் இதே கேள்வி பெரிய ஆளாக வந்து நிக்குது. மத்திய அரசு வேலைக்கு எஸ்.எஸ்.சி. நடத்துற சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் 25 கேள்வி, 50 மார்க். சரியான விடைக்கு 2 மார்க் கொடுப்பாங்க. தப்பான விடைக்கு அரை மார்க் கழிச்சுடுவாங்க. அங்கே போய் இங்கி பிங்கி போட்டா கையில் இருக்கிறதும் போயிடும். 2023 முதல் எஸ்.எஸ்.சி.யின் எம்.டி.எஸ். தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று வந்தது நமக்கு நல்ல சேதி. ஆனா அதிலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான். கணக்கும் பொது அறிவும் நல்லா எழுதுற தமிழ் வழிப் பிள்ளைகள் இந்த இரண்டெழுத்துச் சொல்லில் வேலையைக் கோட்டை விடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

சிக்கல் எங்கே?

சிக்கல் நம்ம தலைக்குள்ளே நடக்கிற மொழிபெயர்ப்பில் இருக்கு. கேள்வியைப் பார்த்ததும் அதைத் தமிழாக்கி, தமிழில் என்ன உருபு வருதோ அதற்குச் சமமான ஆங்கிலச் சொல்லைத் தேடுறோம். அப்படி ஒரு சமமே கிடையாது.

தமிழ் ஐயா நடத்தியதை நினைச்சுப் பாருங்க. வேற்றுமை எட்டு. முதல் வேற்றுமைக்கும் எட்டாம் வேற்றுமைக்கும் உருபு இல்லை. மீதி ஆறுக்கு ஐ, ஆல், கு, இன், அது, கண். இன்றைய பேச்சில் 'கண்' போய் அந்த இடத்தில் 'இல்' உட்கார்ந்திருக்கு. இவை எல்லாம் பெயருக்குப் பின்னாடி ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்கிற சொல் பெயருக்கு முன்னாடி தனியாக நிற்கும். அதனால்தான் அதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர். அங்கே அவை டஜன் கணக்கில் இருக்கு. கையளவு உருபுகளும் டஜன் கணக்கான சொற்களும் ஒன்றுக்கு ஒன்று எப்படிப் பொருந்தும்?

'இல்' ஒன்றையே எடுத்துக்கலாம். நீங்க இப்போ படிக்கிற இந்தச் சுவரிதழ் எங்கே இருக்கு? பள்ளியில் இருக்கு. சுவரில் இருக்கு. வாசலில் இருக்கு. மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'தான். ஆங்கிலத்தில் 'இன் தி ஸ்கூல்', 'ஆன் தி வால்', 'அட் தி என்ட்ரன்ஸ்'. உள்ளே அடங்கினா இன். மேலே ஒட்டினா ஆன். ஒரு புள்ளியைக் காட்டினா அட். மரத்தில் பறவை இருந்தா 'இன் தி ட்ரீ', ஏன்னா அது கிளைகளுக்கு உள்ளே மறைஞ்சு உட்கார்ந்திருக்கு. மரத்தில் பழம் இருந்தா 'ஆன் தி ட்ரீ', ஏன்னா அது கிளையில் ஒட்டிட்டிருக்கு. ஆங்கிலக்காரர் இடத்தை நம்மைவிட நுணுக்கமாகப் பார்க்கிறார் என்று நினைச்சுடாதீங்க. நம்ம மொழியில் 'ல்' பக்கத்தில் 'மேலே', 'உள்ளே', 'ஓரத்தில்' என்று சேர்த்துச் சொல்லும் வசதி இருக்கு. தேவைப்பட்டாச் சொல்வோம், இல்லன்னா விட்டுடுவோம். அவங்க ஒவ்வொரு தடவையும் சொல்லியே ஆகணும்.

'ஆல்' இன்னும் வேடிக்கை. கத்தியால் வெட்டினான் என்றால் 'வித் எ நைஃப்'. கம்பரால் எழுதப்பட்டது என்றால் 'பை கம்பன்'. மழையால் ஆட்டம் நின்றது என்றால் 'பிகாஸ் ஆஃப் ரெயின்'. காலராவால் இறந்தார் என்றால் 'டைட் ஆஃப் காலரா'. மரத்தால் செய்த மேசை 'மேட் ஆஃப் வுட்'. பாலால் ஆன தயிரோ 'மேட் ஃப்ரம் மில்க்'. மேசையைப் பார்த்தா மரம் இன்னும் தெரியுது, அதனால் ஆஃப். தயிரில் பாலின் உருவமே மாறிப்போச்சு, அதனால் ஃப்ரம். ஆறு இடத்திலும் தமிழில் நாம் 'ஆல்' போட்டோம். ஆங்கிலத்தில் ஐந்து விதமாகப் பிரிஞ்சு போச்சு.

'கு' மட்டும் சும்மா இருக்குமா? ஒன்பது மணிக்கு 'அட் நைன்'. நாய்க்குப் பயம் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. சளிக்கு மருந்து 'மெடிசின் ஃபார் கோல்ட்'. மதுரைக்குப் போனான் 'வென்ட் டு மதுரை'. மதுரைக்குக் கிளம்பினான் 'லெஃப்ட் ஃபார் மதுரை'. இந்தக் கடைசியைக் கவனிங்க. ஃபாரை எடுத்துட்டு 'ஹீ லெஃப்ட் மதுரை' என்று எழுதினா, மதுரையை விட்டே போயிட்டான் என்று அர்த்தம். ஒரு குட்டிச் சொல் ஆளை மதுரைக்கு அனுப்புது, அது இல்லன்னா மதுரையை விட்டுக் கிளப்புது!

கேள்வித்தாள் தயாரிக்கிறவருக்கு இது நல்லாவே தெரியும். நான்கு விடை கொடுத்தா, நம்ம தமிழுக்கு எது பொருந்துமோ அதை ஒரு விடையாகக் கட்டாயம் வச்சிருப்பார். பார்த்தவுடன் 'இதுதான்' என்று மனசு சொல்றது பல நேரம் அந்த விடைதான்.

லீவ் லெட்டர் சொல்லும் பாடம்

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே" என்று பயப்பட வேண்டாம். நம்ம எல்லாருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர்ற ஒரு ஆங்கிலம் இருக்கு. லீவ் லெட்டர்!

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அன்ஏபிள் டு அட்டெண்ட் தி கிளாஸ். ஸோ ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்."

இதில் எத்தனை பிரிப்பொசிஷன் கேள்விக்கு விடை இருக்கு என்று எண்ணிப் பார்த்திருக்கீங்களா? காய்ச்சலால் அவதிப்படுறோம். ஆனா யாரும் 'பை ஃபீவர்' என்று எழுதறதில்லை. 'ஃப்ரம்' தானா வருது. வகுப்புக்கு வர முடியவில்லை. ஆனா யாரும் 'அட்டெண்ட் டு தி கிளாஸ்' என்று எழுதறதில்லை. உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆனா 'ரிக்வெஸ்ட் டு யூ' வர்றதில்லை. இரண்டு நாளைக்கு லீவு. அதற்கு 'ஃபார்' சரியா வந்து உட்காருது. நான்கு கேள்விக்கு நான்கும் சரி. விதி யாரும் சொல்லித் தரலை. தமிழிலிருந்து மொழிபெயர்க்கவும் இல்லை. 'சஃபரிங்'கும் 'ஃப்ரம்'மும் ஒரே சொல் மாதிரி சேர்ந்தே காதில் விழுந்து, சேர்ந்தே மனசில் தங்கிடுச்சு. அவ்வளவுதான்.

காலை வழிபாட்டில் ஆங்கிலத்தில் சொல்ற உறுதிமொழியும் அப்படித்தான். 'ப்ரௌட்' பக்கத்தில் 'ஆஃப்', 'வொர்த்தி' பக்கத்தில் 'ஆஃப்'. ஆனா தேர்வில் 'ஷீ இஸ் ப்ரௌட் ___ ஹர் சன்' என்று வந்தா, பையனை நினைச்சுப் பெருமை என்று தமிழாக்கி 'அபௌட்' எழுதுற பிள்ளைங்க இருக்காங்க. காலையில் சொன்னதை மதியத் தேர்வில் மறந்துடறோம்!

அதனால் நான் சொல்ற வழி ஒன்றுதான். சொல்லைத் தனியாகப் படிக்காதீங்க, ஜோடியாகப் படிங்க. நோட்டில் 'டிபெண்ட் = சார்ந்திரு' என்று எழுதினா பாதி வேலைதான் ஆச்சு. 'வீ டிபெண்ட் ஆன் ரெயின்' என்று வாக்கியமா எழுதுங்க. கடையில் விக்கிற கைடுகளில் ஏ முதல் இசட் வரை இருநூறு, முந்நூறு ஜோடி அட்டவணை போட்டிருப்பாங்க. அதை ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் பண்றது எனக்குச் சரின்னு படலை. காலையில் எல்லாம் கலந்து குழம்பிடும். ஒரு நாளைக்கு மூன்று ஜோடி போதும், நம்ம வீடு, ஊர், தெரு வர்ற மாதிரி வாக்கியத்தோட.

சந்தேகம் வந்தா அகராதியைப் பாருங்க. கையடக்க ஆங்கிலம்-தமிழ் அகராதி பெரும்பாலும் அர்த்தம் மட்டும்தான் சொல்லும். நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்ஷனரி இருந்தா எடுத்துப் பாருங்க. ஹார்ன்பி என்பவர், ஆங்கிலத்தை வேற்று மொழியாகப் படிக்கிறவங்களுக்கு என்றே உருவாக்கியது. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக 1948-ல் வந்தது. எந்தச் சொல்லோடு எந்தப் பிரிப்பொசிஷன் சேரும் என்று அந்தச் சொல்லின் கீழேயே உதாரணத்தோடு போட்டிருக்கும்.

கோட்டுக்கு இடது பக்கம்

தேர்வில் செய்ய வேண்டியது இதுதான். கோட்டைப் பார்க்காதீங்க. கோட்டுக்கு முன்னாடி இருக்கிற சொல்லைப் பாருங்க. அது ஜோடி தேடுற சொல்லா? ஆமென்றால் விடை அங்கேயே இருக்கு.

சில ஜோடிகளுக்குள் ஒரு குணம் ஒளிஞ்சிருக்கு. பிடிபட்டா மனப்பாடம் குறையும். 'அட்' குறி பார்க்கும். லுக் அட், லாஃப் அட், ஷௌட் அட், எய்ம் அட். 'த்ரோ தி பால் டு மீ' என்றால் நான் பிடிக்கிற மாதிரி போடு. 'த்ரோ தி பால் அட் மீ' என்றால் என் மேலேயே அடி! பிடிக்கிறதுக்கும் அடி வாங்குறதுக்கும் இடையில் ஒரு பிரிப்பொசிஷன்தான் நிக்குது. திறமைக்கும் இதே அட்தான். கணக்கில் கெட்டிக்காரன் என்றால் 'குட் அட் மேத்ஸ்'. இங்கே 'இன்' எழுதினாத்தான் மார்க் போகும்.

'ஃப்ரம்' பிரிக்கும், விலக்கும். ப்ரிவென்ட், ப்ரொடெக்ட், ரெக்கவர், டிஃபரென்ட், ஆப்சென்ட் எல்லாம் ஃப்ரம் கூட்டாளிகள். ஆப்சென்ட் ஃப்ரம் ஸ்கூல். பள்ளியை விட்டு விலகி நிற்கிறோம் இல்லையா? 'ஆஃப்' மனசோடு சம்பந்தப்பட்டது. அஃப்ரெய்ட், ஃபாண்ட், அஷேம்டு, ஜெலஸ், டயர்ட், அவேர். 'ஆன்' சாய்ந்து நிற்கும். டிபெண்ட், ரிலை, இன்சிஸ்ட், கான்சன்ட்ரேட். கோபம் வந்தா தமிழில் ஒருத்தர் 'மேல்' கோபம். ஆங்கிலத்தில் மேலே ஏறக் கூடாது. 'ஆங்ரி வித் மீ'. கல்யாணம் தமிழில் ஒருத்தரோடு. ஆங்கிலத்தில் 'மேரீட் டு'. இதுக்கு வித் போடுறவங்க ரொம்பப் பேர்.

தேர்வுக்காரர்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கூட்டம் தனியா இருக்கு. சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர், பிரையர். என்னைவிடப் பெரியவர் என்று நினைச்சு 'சீனியர் தேன் மீ' என்று எழுதினா போச்சு. 'சீனியர் டு மீ'தான் சரி. இவை லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள். 'விட' என்கிற ஒப்பீடு லத்தீனிலேயே அவற்றுக்குள் இருக்கு. அதனால் டாலர், பிக்கர் மாதிரி 'தேன்' சேர்க்க வேண்டியதில்லை. 'ப்ரிஃபர்' லத்தீன் வழி வந்ததுதான், அதுக்கும் டு. 'ஐ ப்ரிஃபர் காஃபி டு டீ.' இந்த ஆறு சொல்லையும் இன்னிக்கே படிச்சுடுங்க.

வாய்ஸ் பாடத்தில் ஒரு பொறி இருக்கு. பேசிவ் வாய்ஸ் என்றாலே 'பை' என்று கை தானா எழுதும். ஆனா 'நோன் டு மீ', 'ஃபில்டு வித் வாட்டர்', 'சர்ப்ரைஸ்டு அட்', 'இன்ட்ரஸ்டட் இன்' என்றுதான் தேர்வில் எதிர்பார்ப்பாங்க.

இன்னொன்றும் சொல்லியாகணும். இடது பக்கச் சொல் ஒன்றுதான், ஆனா ஜோடி மாறினா அர்த்தமே மாறும். லுக் அட் பார்ப்பது, லுக் ஃபார் தேடுவது, லுக் ஆஃப்டர் பார்த்துக்கொள்வது, லுக் இன்டூ விசாரிப்பது. 'தி நர்ஸ் லுக்ஸ் ___ தி பேஷண்ட்ஸ்' என்றால் நர்ஸ் என்ன செய்வாங்க என்று யோசிச்சா ஆஃப்டர் வந்துடும். வாக்கியத்தைக் கடைசி வரை படிக்காம விடை எழுதுறவங்க இங்கேதான் மாட்டுவாங்க.

எதுவுமே வேண்டாத வினைகள்

தவறு கண்டுபிடிக்கச் சொல்ற கேள்வியில் இந்தப் பகுதியிலிருந்துதான் அடிக்கடி வரும். டிஸ்கஸ், ரீச், என்டர், மேரி, ரிசெம்பிள், ஆன்சர், ஆர்டர், அட்டெண்ட். இவற்றுக்குப் பின்னாடி பிரிப்பொசிஷனே வராது. 'வீ டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம்'. அபௌட் வேண்டாம், டிஸ்கஸ் என்பதற்குள்ளேயே 'பற்றி' இருக்கு. 'தி பஸ் ரீச்டு சேலம்'. டு வேண்டாம், அட் வேண்டாம். ஆனா அதே அர்த்தத்தில் 'அரைவ்' வந்தா கட்டாயம் வேணும். ஊர், நாடு என்றால் 'அரைவ்டு இன் சேலம்'. ஸ்டேஷன், வீட்டு வாசல் மாதிரி சின்ன இடம் என்றால் 'அரைவ்டு அட் தி ஸ்டேஷன்'. 'அரைவ்டு டு' என்பது மட்டும் ஒருநாளும் வராது.

இதற்கு நேர்மாறான ஒரு பக்கமும் உண்டு. தமிழில் வெறும் 'ஐ' போட்டு முடிக்கிற இடத்தில் ஆங்கிலம் பிரிப்பொசிஷன் கேட்கும். பாட்டைக் கேட்டேன் என்றால் 'லிசன்டு டு தி சாங்'. டு இல்லாம எழுதக் கூடாது. அவனைப் பார்த்துச் சிரிச்சாங்க என்றால் 'லாஃப்டு அட் ஹிம்'.

இப்போ முக்கியமான சூட்சுமம். மேலே சொன்ன அதே சொற்கள் வினையா இல்லாம பெயர்ச்சொல்லா வந்தா கதை மாறிடும். 'டிஸ்கஸ்' தனியா நிற்கும், 'டிஸ்கஷன் அபௌட்' ஜோடி கேட்கும். 'ரிக்வெஸ்ட் யூ' சரி, 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதும் சரி. 'ஆன்சர் தி கொஸ்டியன்' சரி, 'தி ஆன்சர் டு தி கொஸ்டியன்' என்றால் டு வேணும். 'ஆர்டர் டூ காஃபிஸ்' சரி, 'அன் ஆர்டர் ஃபார் டூ காஃபிஸ்' என்பதும் சரி. அதனால் 'டிஸ்கஸ்னு பார்த்தவுடன் அபௌட் தப்பு' என்று அவசரப்படக் கூடாது. முன்னாடி 'எ', 'தி' இருந்து பெயர்ச்சொல்லா நிற்குதா, இல்லை வேலை செய்கிற வினையா நிற்குதா என்று ஒரு நொடி பாருங்க. சுலபமா மார்க் வாங்கித் தர்ற ஒரு நொடி அது.

'டெஸ்பைட்' பக்கத்தில் 'ஆஃப்' வராது, 'இன் ஸ்பைட்' பக்கத்தில் கட்டாயம் வரும். போகிற போக்கில் இதையும் குறிச்சுக்கோங்க.

கோட்டுக்கு வலது பக்கம்

இடது பக்கம் ஜோடிச் சொல் எதுவும் இல்லையா? அப்போ வலது பக்கம் பாருங்க. அங்கே நேரமோ இடமோ வண்டியோ இருக்கும்.

நேரத்துக்கு நம்ம சுதந்திரத்தையே உதாரணமா வச்சுக்கலாம். இந்தியா சுதந்திரம் அடைந்தது 'இன் 1947', 'இன் ஆகஸ்ட்', 'ஆன் 15 ஆகஸ்ட் 1947', 'அட் மிட்நைட்'. வருஷமும் மாசமும் பெரிய பானை மாதிரி, உள்ளே போடலாம், அதனால் இன். நாள் ஒரு பலகை மாதிரி, மேலே வைக்கலாம், அதனால் ஆன். கடிகார நேரம் ஒரு புள்ளி, அதனால் அட். காலை, மதியம், மாலைக்கு 'இன் தி'. ராத்திரிக்கு மட்டும் 'அட் நைட்'. ஆனா கிழமை சேர்ந்துடுச்சுன்னா கிழமைதான் ஜெயிக்கும். 'இன் தி மார்னிங்', ஆனா 'ஆன் மண்டே மார்னிங்'. லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி முன்னாடி வந்தா எதுவுமே போடக் கூடாது. 'ஆன் லாஸ்ட் மண்டே' என்பது நூற்றுக்கு நூறு தப்பு.

சின்ஸ், ஃபார் இரண்டுக்கும் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். 'மூணு நாளா காய்ச்சல்' என்றால் ஃபார். 'திங்கக்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்றால் சின்ஸ். நீளத்துக்கு ஃபார், தொடங்கின இடத்துக்கு சின்ஸ். ஃப்ரம்மும் 'இலிருந்து'தானே என்று கேட்பீங்க. வாக்கியத்தில் 'ஹேஸ் பீன்', 'ஹேவ் பீன்' இருந்து, இன்னும் தொடருதுன்னா சின்ஸ். 'ஃப்ரம் டென் டு ட்வெல்வ்' மாதிரி ஒரு முடிவோடு ஜோடியா வந்தா ஃப்ரம். 'பிட்வீன்' வந்தா அதற்கு ஜோடி 'டு' இல்லை, 'அண்ட்'. 'பிட்வீன் டென் அண்ட் ட்வெல்வ்'.

ஐந்து மணிக்குள் வா என்றால் 'பை ஃபைவ்'. ஐந்து மணி வரை இரு என்றால் 'அன்டில் ஃபைவ்'. ஒரு மணி நேரத்துக்குள் முடி என்றால் 'விதின் அன் அவர்'. 'க்குள்' இரண்டு இடத்தில் வருது பாருங்க. கடிகாரத்தில் ஒரு புள்ளி என்றால் பை, நேரத்தின் நீளம் என்றால் விதின்.

வண்டிக்கு ஒரு சின்ன அடையாளம் போதும். கோட்டுக்குப் பின்னாடி வண்டியின் பெயர் மொட்டையா இருந்தா 'பை'. ஹீ கம்ஸ் பை பஸ், பை கார், பை ட்ரெயின். எ, தி, மை, ஹிஸ் ஏதாவது ஒட்டியிருந்தா பை போடக் கூடாது. உட்கார மட்டும் இடம் உள்ள கார், ஆட்டோவுக்கு இன். எழுந்து நடமாடக் கூடிய பஸ், ரயில், கப்பலுக்கு ஆன். சைக்கிளில் உள்ளே எங்கே போறது, அதற்கும் ஆன்தான். நடந்து வந்தா 'ஆன் ஃபுட்'. தேர்வில் 'பை ஃபுட்' என்று ஒரு விடை பல்லைக் காட்டிட்டு நிற்கும், ஏமாந்துடாதீங்க.

'பிசைட்' என்றால் பக்கத்தில், 'பிசைட்ஸ்' என்றால் அதோடு கூட. ஒரு எஸ்ஸில் உலகமே மாறிடும்.

கடைசியா 'டு' பற்றி ஒரு வார்த்தை. டு வந்தா பின்னாடி வெறும் வினைதான் என்று படிச்சிருப்போம். 'லுக் ஃபார்வர்டு டு', 'அப்ஜெக்ட் டு', 'வித் எ வியூ டு' வந்தா அந்த டு பிரிப்பொசிஷன். அதனால் 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ'. 'மீட்' என்று எழுதக் கூடாது. அந்த டுவுக்குப் பின்னாடி 'இட்' போட்டுப் பாருங்க. 'லுக்கிங் ஃபார்வர்டு டு இட்' பொருந்துது, அப்போ ஐஎன்ஜி வரும். 'ஐ வான்ட் டு இட்' பொருந்தலை, அப்போ வெறும் வினை.

பள்ளித் தேர்வில் மார்க் கழிக்க மாட்டாங்க, அதனால் கோட்டைக் காலியா விடாதீங்க. கழிக்கிற தேர்வில் இரண்டு பக்கமும் பார்த்து, நான்கு விடையில் இரண்டையாவது அடிச்சுத் தள்ள முடிஞ்சா எழுதுங்க. ஒண்ணையும் தள்ள முடியலன்னா அடுத்த கேள்விக்குப் போயிடுங்க.

உங்களுக்கு ஒரு சவால்

விடையைப் பார்க்காம, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாருங்க. எட்டில் மூன்று இடத்தில் எதுவும் வேண்டாம் என்பதும் விடைதான்.

1. தி டீச்சர் என்டர்டு ___ தி கிளாஸ்ரூம். 2. மை பிரதர் இஸ் ஜூனியர் ___ ஹர். 3. இட் ஹேஸ் பீன் ரெயினிங் ___ டூ அவர்ஸ். 4. ஷீ கேம் ___ ஹர் அங்கிள்ஸ் கார். 5. தே ஹேட் எ லாங் டிஸ்கஷன் ___ தி மேட்ச். 6. வீ வில் மீட் ___ நெக்ஸ்ட் ஃப்ரைடே. 7. தி எக்ஸாம் பிகின்ஸ் ___ ஃப்ரைடே மார்னிங். 8. ஹீ ரிசெம்பிள்ஸ் ___ ஹிஸ் ஃபாதர்.

விடைகள்: 1. எதுவும் வேண்டாம் 2. டு 3. ஃபார் 4. இன் 5. அபௌட் 6. எதுவும் வேண்டாம் 7. ஆன் 8. எதுவும் வேண்டாம்.

ஐந்தாவதுக்குக் கோட்டைக் காலியா விட்டவங்க, 'டிஸ்கஷன்' முன்னாடி ஒரு 'எ' நிற்கிறதை இன்னொரு தடவை பாருங்க.

– பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு